ஏரிக்கும் கடலுக்கும் ஒரே சர்ஃப் ஸ்கீ: வேகமும் நிலைப்பும் சேர்ந்த படகைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் சர்ஃப் ஸ்கீ, அதாவது மேலே உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் நீண்ட ஒல்லியான படகு, ஓட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் நாலைந்து பேருக்கும் பழக்கம் ஒன்றுதான்: வாரநாளில் அதிகாலையில் ஏரி, வருடத்தில் மூன்று நான்கு முறை கீழே இறங்கி மண்டபம் பக்கம் கடல். இரண்டுக்கும் தனித்தனிப் படகு வைத்துக்கொள்ள இடமும் பணமும் யாருக்கும் இல்லை. ஒரே படகு இரண்டு தண்ணீருக்கும் ஒத்துவர வேண்டும்.

அகலமான முதல் படகில் ஆறேழு மாதம் ஓட்டிய பிறகு, "இன்னும் கொஞ்சம் வேகமாக ஒன்று வேண்டும்" என்று எல்லோருக்கும் தோன்றும். தவறு நடப்பது அங்கேதான். நானும் 45 செ.மீ. அகலப் பழைய பந்தயப் படகு ஒன்றை வாங்கினேன். ஏரியில் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. கடலில் முதல் அரை மணி நேரத்தில் ஏழு முறை விழுந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களில் இரண்டு பேர் அதே வழியில் போய், அதே போல விற்றுவிட்டு வந்தார்கள்.

காரணம் எங்கள் ஏரியின் வடிவம். நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடப்பதால் காற்று நீண்ட தூரம் ஓடி அலை எழுப்ப இடமே கிடையாது. ஓடுவது மிதிபடகும் துடுப்புப் படகும்தான். மோட்டார் படகின் அலையும் இல்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் எந்தப் படகும் நிலையாகத்தான் தெரியும். படகை ஏரியில் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: நன்றாக நீந்தத் தெரிந்திருப்பது, பொருத்தமான லைஃப் ஜாக்கெட், காலையும் படகையும் இணைக்கும் லீஷ், நீளம் மாற்றக்கூடிய விங் துடுப்பு (அலகு குழிந்த வகை), வேகமும் இதயத்துடிப்பும் காட்டும் கைக்கடிகாரம். ஏரியில் சொந்தப் படகு இறக்க அனுமதி வேண்டும். அதை வாங்காமல் படகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மலையில் உள்ள மற்ற நீர்த்தேக்கங்கள் வனத்துறையின் கையிலோ குடிநீர்த் திட்டத்திலோ இருக்கும். அங்கே இன்னும் கண்டிப்பு.

1. எந்தத் தண்ணீர் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் ஓட்டப் போகும் மிக மோசமான தண்ணீர் எது என்று எழுதுங்கள். அடிக்கடி ஓட்டும் தண்ணீரை எழுதச் சொல்லவில்லை. மோசமானது எது?

வருடத்தில் 200 நாள் ஏரி, 8 நாள் கடல் என்றால், "நான் ஏரிக்காரன், ஏரிக்கு ஏற்ற படகு போதும்" என்று தோன்றும். ஆனால் ஏரியில் தேவைக்கு மேல் நிலையான படகை ஓட்டினால் இழப்பது சில நிமிடங்கள். கடலில் தேவைக்குக் குறைவாக நிலையான படகை ஓட்டினால் அந்த 8 நாளும் போய்விடும், ஆபத்தும் உண்டு. அதனால் அந்த எட்டு நாளை வைத்துத்தான் படகின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

கடலுக்குப் போகவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

2. உடம்பை அளந்து வையுங்கள்

நான்கு அளவு: எடை, உயரம், உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம், தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் முதுகிலிருந்து உள்ளங்கால் வரை உள்ள நீளம்.

எடை ஏன் முக்கியம்? ஒவ்வொரு மாடலும் ஒரு குறிப்பிட்ட எடை வரம்புக்காக வடிவமைக்கப்பட்டது. நம் ஊரில் 55 கிலோ, 60 கிலோ எடையுள்ளவர்கள் நிறையப் பேர். கொள்ளளவு அதிகமான படகில் எடை குறைந்தவர் உட்கார்ந்தால் அது தண்ணீருக்கு மேலே தக்கை மாதிரி நிற்கும். பக்கக் காற்று மூக்கைத் தள்ளும். தண்ணீரைத் தொடும் நீளமும் குறைந்துவிடும். எடை மிகுந்தவர் சிறிய படகில் உட்கார்ந்தால் பக்கெட்டில், அதாவது இருக்கைக் குழியில், எந்நேரமும் தண்ணீர் நிற்கும்.

உயரமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உடம்பின் எடை மேலே இருப்பதால் அதே படகு உங்களுக்கு அதிகமாக ஆடும். உயரம் குறைந்த நண்பர் "ரொம்ப ஸ்டெடியா இருக்கு" என்று சொன்னால் அதை உங்களுக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. வேகக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை எல்லோரையும் போடச் சொல்வேன். நிறைய ஆசை இங்கேயே அடங்கிவிடும்.

படகின் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது தண்ணீரைத் தொடும் நீளத்தை, மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால், தான் கிளப்பும் அலையே படகைத் தடுக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ. என்று தோராயமாகக் கிடைக்கும். 5.5 மீட்டருக்கு சுமார் 10.5. 6.2 மீட்டருக்கு சுமார் 11.2. சர்ஃப் ஸ்கீ மாதிரி ஒல்லியான படகு இந்த எல்லையைத் தாண்டும். ஆனால் அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் பலம் நிறைய வேண்டும்.

இப்போது உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டும்போது உங்கள் சராசரி 8.5 அல்லது 9 என்றால், நீங்கள் அந்த எல்லையைத் தொடவே இல்லை. அந்த வேகத்தில் உங்களைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் நீரின் உராய்வு. நீளமான படகில் நீரைத் தொடும் பரப்பு கூடினால் உராய்வும் கூடும். அதனால் 6.4 மீட்டர் பந்தயப் படகு உங்களுக்குக் கொடுக்கும் லாபம் நீங்கள் நினைப்பதை விட மிகக் குறைவு.

ஒரு படி ஒடுக்கமான படகுக்கு மாறினால் அதே உழைப்பில் மணிக்கு அரை கி.மீ. கூடினாலே பெரிது. 10 கி.மீ. தூரத்தை 9 கி.மீ. வேகத்தில் போனால் 66 நிமிடம் 40 விநாடி. 9.5 என்றால் 63 நிமிடம் 10 விநாடி. மிச்சம் மூன்றரை நிமிடம். கடலில் ஒருமுறை விழுந்து, ஏறி, மூச்சு வாங்கி, பழைய வேகத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும். நான்கு முறை விழுந்தால் லாபம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. விழாமல் இருந்தாலும், விழுந்துவிடுவோமோ என்று பயந்து பாதித் துடுப்பை வலிக்காமல் தண்ணீர் மேல் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தால் அதே கதைதான்.

தென்னாப்பிரிக்க வீரர் ஆஸ்கர் சலுப்ஸ்கி ஹவாயின் மொலோகாய் கடற்பந்தயத்தை 12 முறை வென்றவர். அவரே, திறமைக்கு முன் நிலைப்பு என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

4. அகலத்தில் உங்கள் படியைக் கண்டுபிடியுங்கள்

சர்ஃப் ஸ்கீ தயாரிக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே மாதிரியான ஏணியை வைத்திருக்கின்றன. எபிக் நிறுவனத்தின் வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்: வி8 சுமார் 5.5 மீட்டர் நீளம், 56 செ.மீ. அகலம். அடுத்து வி8 புரோ, சுமார் 5.8 மீட்டர், 51 செ.மீ. அப்புறம் வி10 ஸ்போர்ட், சுமார் 6.1 மீட்டர், 48 செ.மீ.க்குச் சற்று மேல். அதற்கும் மேலே உள்ளவை 43 முதல் 45 செ.மீ. வரையிலான பந்தயப் படகுகள். ஸ்டெல்லர், நெலோ, ஃபென், திங்க் ஆகியவற்றிலும் இதே படிகள் வேறு பெயர்களில் இருக்கும்.

54 செ.மீ.க்கு மேல் அகலமான படகிலிருந்து வருகிறவர், வருடத்தில் சில முறைதான் கடலுக்குப் போகிறவர் என்றால் 50 முதல் 52 செ.மீ. உங்கள் படி. எங்கள் குழுவில் நீண்ட நாள் நிலைத்த படகுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. 48 செ.மீ. படகு, மாதம் இரண்டு முறையாவது அலையில் ஓட்டுகிறவருக்கு. மலையில் இருந்துகொண்டு அது நடக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு படி தாவக் கூடாது. ஒவ்வொரு படியிலும் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்கிறது. இடுப்பைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் நடுப்படியில்தான் வரும்.

விளம்பரத்தில் இருக்கும் அகலத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது படகின் மிக அகலமான இடத்தை, பல சமயம் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்பை, அளந்து சொன்ன எண். நீர்க்கோட்டில் எவ்வளவு அகலம், அடிப்பாகம் தட்டையா உருண்டையா, இருக்கை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, இவை மூன்றும் சேர்ந்துதான் நிலைப்பைத் தீர்மானிக்கின்றன. 51 செ.மீ. படகுகள் இரண்டில் ஒன்று பாறை மாதிரியும் இன்னொன்று ஊஞ்சல் மாதிரியும் இருக்கலாம்.

இங்கே இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலைப்பு இரண்டு வகை. நேராக உட்கார்ந்திருக்கும்போது ஆடாமல் இருப்பது ஒன்று. சாய்ந்த பிறகு ஒரு கட்டத்தில் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. தட்டையான அடிப்பாகம் முதலாவதைத் தரும். ஏரியில் அது சுகம். ஆனால் பக்க அலை வந்தால் அலையின் சாய்வோடு படகும் சாயும். கடலுக்கு இரண்டாவது வகை வேண்டும். படகு சிறிது ஆடினாலும், சாயச் சாய இறுகிக்கொண்டே போக வேண்டும்.

5. இருக்கை பொருந்துகிறதா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் நான்கைந்து படகுகளை வரிசையாக வைத்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் கடை கிடையாது. பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ பயன்படுத்தியதை வாங்க வேண்டும். அதனால் விற்பவரிடம் இந்த அளவுகளைக் கேளுங்கள்: இருக்கையின் உள் அகலம், இருக்கைக்கும் மிதிபலகைக்கும் உள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச தூரம், தொடைக்குக் கீழே வரும் மேட்டின் உயரம்.

தடித்த அட்டையில் அந்த உள் அகலத்துக்கு 'ப' வடிவில் வெட்டி, தரையில் வைத்து நடுவில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழைந்தால் சரி. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் உங்கள் இடுப்பு அசைவது படகுக்குப் போய்ச் சேராது. நிலையான படகும் உங்களுக்கு ஆடும். இடைவெளியை நுரைப்பட்டை ஒட்டிச் சரிசெய்யலாம். இறுக்கமாக இருந்தால் சரிசெய்ய வழியே இல்லை. உடம்பைத் திருப்பி வலிக்க முடியாது, கால் மரத்துப் போகும்.

கால் குட்டையானவர்கள் தொடை மேட்டைக் கவனிக்க வேண்டும். மேடு உயரமாக இருந்தால் குதிகால் மிதிபலகையில் சரியாக உட்காராது. காலால் உதைக்காமல் துடுப்பு வலிப்பது கையால் மட்டும் வலிப்பது. வேகமான படகு வாங்கியதற்கு அர்த்தமே இருக்காது.

6. ஏரியில் சோதித்துப் பாருங்கள், ஆனால் முடிவு செய்ய வேண்டாம்

படகு கைக்கு வந்துவிட்டது, அல்லது நண்பருடையது இரண்டு வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும், மிதிபடகுகள் வரும் முன் இறங்குங்கள். மூடுபனி கரை தெரியாத அளவுக்கு இருந்தால் காத்திருங்கள்.

*முதல் நாள்.* கரை ஓரமாகவே இருங்கள். துடுப்பை மடியில் குறுக்காக வைத்து, இரண்டு கையையும் தொடையில் வையுங்கள். ஒரு நிமிடம். அப்புறம் இடது தோளுக்கு மேலே பின்னால் பாருங்கள், அடுத்து வலது. கடலில் பின்னால் வரும் அலையைப் பார்க்க இதே மாதிரி திரும்ப வேண்டியிருக்கும். இங்கேயே முடியாவிட்டால் அங்கே நிச்சயம் முடியாது.

*மூன்றாம் நாள்.* ஒரு காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு காலையும் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு, அப்படியே உள்ளே எடுங்கள். விழுந்து ஏறும்போது கடைசியில் காலை உள்ளே எடுக்கும் அசைவுக்கு இது பயிற்சி.

*ஐந்து முறை ஓட்டிய பிறகு* வேகத்தை அளக்கலாம். அதற்கு முன் அளந்தால் தடுமாற்றத்தைத்தான் அளப்பீர்கள். ஏரியின் நீண்ட கை ஒன்றில் போகவும் வரவும் ஒரே தூரம் எடுங்கள். காற்றின் உதவியும் எதிர்ப்பும் கழிந்துவிடும். பழைய படகில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை, மீண்டும் பழையதில். ஒரே இதயத்துடிப்பில் வைத்துப் பாருங்கள். முழு மூச்சாக வலித்துப் பார்த்தால் அன்றைய உற்சாகம்தான் கடிகாரத்தில் தெரியும்.

கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் சொல்லும் வேகத்தோடு இந்த எண்ணை ஒப்பிட வேண்டாம். நாம் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே உழைப்புக்கு இதயம் வேகமாக அடிக்கும். புதிதாக மலைக்கு வந்த ஒரு தம்பி, படகு மந்தம் என்று முடிவு கட்டி விற்கப் பார்த்தான். கீழே போய் ஓட்டியபோதுதான் படகில் குறையில்லை என்று தெரிந்தது.

*மெத்தைச் சோதனை.* அலையே இல்லாத ஏரியில் கடலை ஓரளவு வரவழைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. 2 செ.மீ. கனமான கெட்டி நுரைத் துண்டை இருக்கையில் போட்டு உட்காருங்கள். உடம்பின் எடை மேலே போவதால் படகு ஒரு படி ஒடுக்கமானது போல நடந்துகொள்ளும். அந்த உயரத்தில் முழுப் பலத்தோடு வலிக்க முடிந்தால் உங்களிடம் மிச்சம் இருக்கிறது. முடியாமல் துடுப்பு தானாகத் தண்ணீரைத் தட்டினால், நுரை இல்லாமல் நீங்கள் ஏற்கெனவே விளிம்பில்தான் இருக்கிறீர்கள்.

கடைசியாக, 45 நிமிடம் நன்றாக ஓட்டிக் களைத்த பிறகு முதல் நாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சமநிலை காலையில் ஒன்று, களைத்த பிறகு இன்னொன்று. கடலிலிருந்து கரைக்குத் திரும்பும்போது இருப்பது இரண்டாவதுதான்.

விழுந்து ஏறும் பயிற்சியை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். ஏரியில் வேண்டுமென்றே இறங்க அனுமதி இருக்காது; குளிர்காலத்தில் தண்ணீரும் விரலை விறைக்க வைக்கும். அதற்குக் கடல் இருக்கிறது.

7. பொருள், சுக்கான், பெய்லர்

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகு 22 முதல் 25 கிலோ. ஃபைபர் 16 முதல் 20. கார்பன் 10 முதல் 13. தண்ணீரில் இருக்கும் வித்தியாசத்தை விட, காரின் மேல் தனி ஆளாகத் தூக்கி வைப்பதில்தான் இந்த வித்தியாசம் தெரியும். கல்லும் பவளத் துண்டும் கிடக்கும் கரையில் இறக்கி ஏற்றுவதென்றால் மெல்லிய கார்பன் வேண்டாம். நான் ஃபைபர் பக்கம்.

படகின் அடியில் இருக்கும் சுக்கான் கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். ஏரிக்கு 10 செ.மீ. ஆழமுள்ள சிறியது, அலைக்கு 20 செ.மீ. பக்கம் உள்ள பெரியது. எங்கள் ஏரியில் நீர்க்களை உண்டு, பாக் நீரிணையில் கடற்புல் உண்டு. அதனால் முன்விளிம்பு நன்றாகப் பின்னால் சாய்ந்த வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடி சுற்றாமல் வழுக்கிப் போகும். வேகம் திடீரென்று குறைந்தால் படகைத் திட்டும் முன் சுக்கானைப் பாருங்கள்.

இருக்கைக் குழியில் சேரும் நீரை உறிஞ்சி வெளியேற்றும் பெய்லர் ஏரியில் மூடியிருக்கட்டும், கடலில் திறந்திருக்கட்டும். படகு ஓடினால்தான் அது உறிஞ்சும். நின்றால் அதன் வழியே நீர் உள்ளே வரும்.

8. மலை இறக்கம்: வடிகால் மூடியைத் திறந்த பிறகே கிளம்புங்கள்

மலையில் இருக்கும் நமக்கே உரிய விஷயம் இது. கடற்கரைக்காரர்கள் எழுதும் குறிப்பு எதிலும் நான் பார்த்ததில்லை.

படகின் உடல் உள்ளே காலி. மேலே ஏரியில் மூடியை இறுக்கி அடைத்தால் உள்ளே இருப்பது மலைக் காற்று. அப்படியே சமவெளிக்கு இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். முழுமையாக அடைபட்டிருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 2 டன்னுக்கு மேல் எடை வைத்து அழுத்துவது போல. மெல்லிய தளம் குழியும், ஒட்டுப் போட்ட இடம் விரியும். சில படகுகளில் காற்றுப் போக நுண்துளை வைத்திருப்பார்கள். அது அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும் மூடியைக் கழற்றி, சுக்கான் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அப்போதுதான் கடலில் இறங்கும் முன் மறக்காமல் கண்ணில் படும்.

கீழே வெயில் இன்னொரு சிக்கல். மதுரையில் மதியம் நிறுத்திச் சாப்பிட்டால் படகின் உள்ளே காற்று சூடாகி விரிந்து நிற்கும். அந்தச் சூட்டோடு மூடியை அடைத்துத் தண்ணீரில் வைத்தால் உள்காற்று குளிர்ந்து சுருங்கி, எங்காவது இருக்கும் சிறு விரிசல் வழியே நீரை இழுக்கும். நிழலில் கால் மணி நேரம் ஆறவிட்டு அடையுங்கள்.

கட்டும் முறை: கவிழ்த்து வையுங்கள், மழைநீர் தேங்காது. பட்டையை இருக்கைக்கு முன்னும் பின்னும் உள்ள கெட்டியான இடத்தில் போடுங்கள். கையால் இறுக்கினால் போதும். ராட்செட் (பல்சக்கர இறுக்கி) போட்டு இறுக்கிக் கார்பன் படகை நொறுக்கியவர்கள் உண்டு. அணியத்திலிருந்து முன் பம்பருக்கு ஒரு கயிறு, பின்முனையிலிருந்து ஒன்று. ஆறு மீட்டர் படகு நாலு மீட்டர் காரின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். வத்தலக்குண்டு மலைப்பாதையின் வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் அந்தப் பின்முனை வீசும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புத் துணி கட்டுங்கள், வளைவில் பேருந்துக்கு வழி விட்டு நில்லுங்கள். பெருமாள்மலையில் ஒருமுறை, வத்தலக்குண்டில் ஒருமுறை இறங்கிப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளி அருவி பக்கம் நிறுத்த வேண்டாம்; குரங்குகள் இருக்கை நுரையைப் பிய்த்துவிடும்.

9. கடலில்: காற்றின் திசையை முதலில் கேளுங்கள்

மண்டபத்தில் ஒரு வசதி உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்திருக்கும். வாடைக் காலத்தில் இது மாறும்.

புதியவர்கள் ஏமாறுவது இந்த அமைதியில்தான். அமைதியான பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு கி.மீ. உள்ளே போனால் அலை எழும்பியிருக்கும். திரும்பும்போது முழுவதும் எதிர்க்காற்று. வடகடலில் அப்படித் தள்ளிக்கொண்டு போனால் போகும் திசை நாட்டின் கடல் எல்லை. காற்று கடலுக்குத் தள்ளும் நாளில் இடுப்பளவுத் தண்ணீரை விட்டுப் போகாதீர்கள்.

முந்தின மாலை இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். காலையில் கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணன்மார்களிடம், எங்கே இறங்கப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டு, "இன்னைக்குக் காத்து எப்படி அண்ணே?" என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, அடையாள அட்டையை நனையாத பையில் வைத்திருங்கள். அவசரத்துக்குக் கடலோரக் காவல் படை எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. தென்கடலின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியின்றி ஏறக் கூடாது. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கும், பாலத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

*முதலில் விழுந்து ஏறுங்கள்.* வடகடலில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழம் குறைவு. நெஞ்சளவுத் தண்ணீரில், தரையில் கால் ஊன்றாமல் பயிற்சி. ஒரு கையில் துடுப்பும் படகின் இந்தப் பக்க விளிம்பும், மறு கை இருக்கையின் அந்தப் பக்க விளிம்பில். காலை நீர்மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிற்றை இருக்கை மேல் இழுத்துப் போடுங்கள். தொப்புள் இருக்கையின் நடுவுக்கு வரும் வரை அவசரப்பட வேண்டாம். அப்புறம் இடுப்பைத் திருப்பி உட்காருங்கள். கால்கள் ஒரே பக்கம் தொங்கட்டும். மூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே. வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து. ஐந்தாவது முறையும் ஏற முடிந்தால்தான் அந்தப் படகு உங்களுடையது. இதில் தோற்றால் மற்ற சோதனைகள் தேவையில்லை. ஒரு படி அகலமான படகுக்குப் போங்கள்.

லீஷ் எப்போதும் காலில் இருக்க வேண்டும். இவ்வளவு லேசான படகைக் காற்று அடித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது.

*அடுத்து அலை.* கரையை நோக்கியோ கரையை ஒட்டியோ காற்று வீசும் நாளில், முழங்கால் உயர அலையில் தொடங்குங்கள். முதலில் காற்றை எதிர்த்து 20 நிமிடம் போங்கள். களைத்த பிறகு காற்று உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும். எதிர் அலையில் எல்லாப் படகும் நன்றாகவே இருக்கும். அதை வைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். படகைத் திருப்பி அலை பக்கவாட்டில் வரும்படி 10 நிமிடம் ஓட்டுங்கள். உண்மை அங்கேதான் வெளிவரும்.

100 துடுப்பு எண்ணுங்கள். அதில் எத்தனை முன்னே தள்ளியது, எத்தனை விழாமல் இருக்கத் தாங்கியது? என் கணக்கில் 10 வரை தாங்கல் என்றால் இன்னும் சில கடல் நாட்களில் சரியாகிவிடும். 30 என்றால் படகு ஒடுக்கம். இடையில் இருந்தால் மறுநாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்து மீண்டும் எண்ணுங்கள். பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, தோள் காதுக்கு ஏறியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். உடம்பு விறைத்தால் எந்தப் படகும் ஆடும். பக்க அலையில் நண்பரோடு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் அந்தப் படகு உங்களுக்குச் சரி.

கடைசியில் காற்றோடு திரும்பும்போது அலையின் சரிவில் படகு தானாக வழுக்கும். இங்கே வேகம் கிடைப்பது சரியான நேரத்தில் நான்கைந்து துடுப்பு பலமாகப் போடுவதால். நிலையான படகில் உட்கார்ந்தவர் அந்த நான்கைந்தைப் போட்டுவிடுவார். ஒடுக்கமான படகில் உட்கார்ந்தவர் அந்த நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் ஏரியில் எப்போதும் பின்னால் வரும் ஒரு அக்கா 56 செ.மீ. படகில் கடலில் எங்களையெல்லாம் தாண்டிப் போனதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

விரித்த வலைகளின் மிதவைகளைச் சுற்றிப் போங்கள். சுக்கான் மாட்டினால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் நஷ்டம்.

10. வாங்குவது, மலை ஏறுவது, அடுத்த படி

பழைய படகு வாங்கினால் சுக்கான் தண்டைச் சுற்றியும் மிதிபலகைத் தண்டவாளத்திலும் விரிசல் பாருங்கள். படகைத் தூக்கி மெதுவாகச் சாய்த்துக் காதை வையுங்கள். உள்ளே நீர் ஓடும் சத்தம் கேட்டால் விலை பேசும் முன் எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். தட்டிப் பார்த்தால் கெட்டியான ஓசை வரும் இடமும் பொத்தென்ற ஓசை வரும் இடமும் வேறுபடும். பொத்தென்றால் உள் அடுக்கு பிரிந்திருக்கிறது.

பழைய அகலப் படகை உடனே விற்க வேண்டாம். புதிய படகில் ஒரு தென்மேற்குப் பருவமும் ஒரு வாடையும் பார்த்த பிறகு விற்கலாம். நான் அவசரப்பட்டு விற்று, ஏழு மாதம் கடலுக்குப் போகாமல் இருந்தேன்.

அடுத்த ஒடுக்கமான படிக்கு எப்போது போவது என்றால், இரண்டு விஷயமும் சேர்ந்து நடக்க வேண்டும்: பக்க அலையில் 100 துடுப்பில் தாங்கல் மூன்று நான்குக்கு மேல் இல்லை, ஏரியில் ஒரு மணி நேரச் சராசரி 10 கி.மீ.யைத் தொட்டுவிட்டது. ஒன்று மட்டும் நடந்தால் இருக்கும் படகிலேயே இருங்கள்.

கடலிலிருந்து கிளம்பும் முன் சுக்கான் கயிறு, பெடல் திருகு, மிதிபலகைத் தண்டவாளம் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, உப்புப் போகத் துடையுங்கள். உள்ளே புகுந்த நீரை வடித்துவிடுங்கள். மலை ஏறும்போதும் மூடி திறந்தே இருக்கட்டும். இந்தத் தடவை உள்காற்று வெளியே தள்ளும்.